எஞ்சின் ஆயில் கசிவு: உட்லண்ட்ஸில் கண்டறிதலும் சரிசெய்தலும்

எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர வேண்டிய ஆயில், மூடிகளின் இணைப்புகள், சீல்கள், போல்ட்டுகள் வழியாக வெளியே வருவதை எஞ்சின் ஆயில் கசிவு என்கிறோம். எந்த ஊரிலும் வரும் பழுதுதான். சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் உட்லண்ட்ஸில் அதைக் கையாளும் விதம் மட்டும் வேறுபடுகிறது. சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். உட்குரோவ் பக்கத்துத் தரைவீடுகளைத் தவிர்த்தால், உட்லண்ட்ஸில் வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து வேலை பார்க்க இடம் கிடையாது. வீவக கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பழுதுபார்க்க விதி இடம் தருவதில்லை. ஆகவே கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது வண்டிக்காரரின் வேலை, அதை அடைப்பது பெரும்பாலும் பட்டறையின் வேலை என்று பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. இரண்டில் கடினமானது கண்டுபிடிப்பதுதான். அதற்குக் கருவிகளைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை.

இங்கு இந்தப் பழுது அதிகம் பேசப்படுவதற்கு வாகன உரிமைச் சான்றிதழும் ஒரு காரணம். 1990இல் தொடங்கிய அந்த முறையில் ஒரு சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். புதுக் காரின் விலையைப் பார்த்துப் பழைய காரையே புதுப்பித்து வைத்துக்கொள்பவர்கள் பலர். எஞ்சின் சீல்களின் ரப்பர் கெட்டிப்படத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். 3 முதல் 10 வயது வரையிலான கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. வண்டியின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவருவது அங்கேதான்.

இன்னொரு காரணம், உட்லண்ட்ஸை ஜோகூரோடு இணைக்கும் கடற்பாலம். 1924 ஜூன் 28இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் சொச்சப் பாதையைக் கடக்க, நெரிசல் நாள்களில் மணிக்கணக்கில் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் எதிர்காற்று ஊரும் வண்டிக்குக் கிடைப்பதில்லை. எஞ்சின் அறையில் சூடு தேங்கி, சீல்களின் ரப்பர் சீக்கிரம் உயிரிழக்கிறது. கசிந்த ஆயில் புகைபோக்கிக் குழாயின் மேல் சொட்டினால் கருகிய வாடை காருக்குள்ளேயே வரும். வாடையோடு நின்றுவிடும் என்று இருந்துவிடக் கூடாது. மிகச் சூடான உலோகத்தில் தொடர்ந்து ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தப் பருவநிலையில் காருக்கு அடியில் காணும் ஈரத்தில் பெரும்பகுதி ஏர்கானிலிருந்து வடியும் தண்ணீர்தான். வெள்ளைக் காகிதத்தில் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. ரேடியேட்டர் நீர் பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், சற்றே இனிப்பான வாடையோடு இருக்கும்.

அடுத்து, கறை யாருடையது என்று பார்க்க வேண்டும். வீவக மாதாந்திர நிறுத்த அனுமதி இருந்தாலும் குறிப்பிட்ட ஓர் இடம் நமக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. இன்று நாம் நிறுத்தும் இடத்தில் இருக்கும் கறை நேற்று நின்ற வண்டியுடையதாக இருக்கலாம். இரவில் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, காரின் முன்பக்கம் எது என்று அதில் குறித்துவைத்து, காலையில் அட்டையைக் கையோடு எடுத்துச் சென்றுவிடுவது நல்லது. சொட்டு விழுந்த இடத்திலிருந்து கசிவு கியர்பாக்ஸ் பக்கமா, டைமிங் பக்கமா என்று ஓரளவு ஊகிக்கலாம். பல கார்களின் எஞ்சினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அது ஆயிலை ஏந்தி வேறிடத்தில் வடியவிடும் என்பதால் அட்டையின் சாட்சியத்தை முழுதாக நம்பக் கூடாது.

அளவையும் கணக்கிட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 1,440 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் அது 72 மில்லிலிட்டர். பல கார்களின் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சி) மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே உள்ள ஆயில் ஏறத்தாழ ஒரு லிட்டர். அதாவது இரண்டே வாரத்தில் மேல்கோட்டிலிருந்து கீழ்கோட்டுக்கு இறங்கிவிடும். சம தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, வாரந்தோறும் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம் எஞ்சினைக் காப்பாற்றும்.

ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். எனவே சொட்டும் இடம் கசியும் இடமாக இருப்பது அரிது. ஈரம் தொடங்கும் மிக உயர்ந்த, மிக முன்னால் உள்ள புள்ளியைத் தேட வேண்டும். பல மாத அழுக்கின் மேல் தேடினால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு, அழுக்கு நீக்கியில் நனைத்த துணியால் சந்தேகப்படும் பகுதிகளைத் துடைத்துவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவந்து, அணைத்த பின் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது இங்கே சரிப்படாது. போக்குவரத்துக் காரணமின்றி நிற்கும் வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். ஓட்டிவந்து பார்ப்பதில் வேறொரு நன்மையும் உண்டு: ஆயில் முழுச் சூட்டில் இளகி, முழு அழுத்தத்தில் சுற்றியிருக்கும். அப்படியும் தெரியாவிட்டால், துடைத்த இடத்தில் முகப்பவுடரை மெல்லத் தூவினால் புதிய ஈரம் கறுத்துக் காட்டும். இன்னும் சந்தேகம் என்றால், ஆயிலோடு ஒளிரும் சாயம் கலந்து, ஓட்டிவந்து, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். சாயம் கசியும் இடத்தில் பச்சையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிடும்.

தேடலைச் செலவு குறைந்த இடங்களிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. ஆயில் மாற்றிய சில நாள்களில் கசிவு தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியவை டிரெயின் போல்ட்டும் ஃபில்டரும். போல்ட்டின் நசுங்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பல சிறிய கார்களில் அந்தப் போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய ஆயில் தொட்டியின் (சம்ப்) மரை அழிந்துவிடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய ஃபில்டர் பூட்டப்பட்டால் ஆயில் கொட்டத்தான் செய்யும். ஆயில் அழுத்தச் சுவிட்சும் அடிக்கடி கசியும் ஒரு சிறு உறுப்பு.

இவற்றுக்கு அடுத்தது டேப்பட் கவர், அதாவது எஞ்சினின் தலைமேல் இருக்கும் மூடி. அதன் ரப்பர் கேஸ்கெட் கெட்டிப்பட்டால் விளிம்பில் ஈரம் படரும். ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கி எஞ்சின் தடுமாறுவதும் உண்டு. மூடியின் பின்பக்கத்தில் கசியும் ஆயில்தான் அதிகம் ஏமாற்றுவது. அது எஞ்சினின் பின்சுவரில் ஓசையின்றி வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டும். கீழேயிருந்து பார்ப்பவருக்குக் கிராங்க் தண்டின் பின் சீல் போய்விட்டதாகவே தோன்றும். பின் சீலின் விலை குறைவு, ஆனால் அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கூலி பெரிது. டேப்பட் கவர் கேஸ்கெட்டை மாற்றுவது சில மணி நேர வேலை. எனவே பின் சீல் என்று யார் சொன்னாலும், மேலே துடைத்து, ஓட்டி, மீண்டும் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கக் கூடாது. துடைத்த இடத்தில் எடுத்த படங்கள் கைபேசியில் இருந்தால், உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையிலோ சின் மிங்கிலோ உள்ள பட்டறையில் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

சீல் கசிவதற்குச் சீல் மட்டும் காரணமாக இருப்பதில்லை. எரிந்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்குகிறது. அதை உறிஞ்சி மீண்டும் எரியறைக்கு அனுப்புவது பிசிவி வால்வு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இருப்பதில் பலவீனமான சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். பல வண்டிகளில் வால்வைக் கழற்றிக் குலுக்கினாலே சோதித்துவிடலாம்: உள்ளே கடகடவென்று ஒலிக்க வேண்டும். இதைப் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே ஈரம் திரும்பும்.

தரைவீட்டில் இடம் உள்ளவர் டேப்பட் கவர் கேஸ்கெட்டைத் தாமே மாற்றலாம். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரு உலோகப் பரப்புகளையும் கீறல் விழாமல் துடைத்து, மூலையில் உற்பத்தியாளர் சொன்ன இடங்களில் மட்டும் சிலிகான் பசை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்க வேண்டும். முறுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான். பசையை அள்ளிப் பூசுவது பெரும் தவறு. உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். காருக்கு அடியில் போக வேண்டிய எந்த வேலைக்கும் ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

கசிவை நிறுத்தும் திரவங்கள் கெட்டிப்பட்ட ரப்பரைச் சற்று இளக்கி உப்பவைக்கும். உரிமைச் சான்றிதழ் முடியச் சில மாதங்களே இருக்கும் வண்டிக்கு அது பொருந்தலாம். கிழிந்த சீலை அது ஒட்டவைக்காது.

தினமும் விடியும் முன்னே ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவற்றை ஓட்டிவருபவர்களில் தமிழர்கள் ஏராளம். சிறிய எஞ்சின்களில் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே இருப்பதால் சிறு கசிவும் விரைவில் ஆபத்தாகிறது. முன் பற்சக்கரத்தைச் சுற்றிக் காணும் கறுப்புப் பிசுக்கு பல நேரங்களில் சங்கிலிக்குப் போட்ட எண்ணெய்தான். துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் வேறுபாடு தெரியும். உண்மையில் ஆயில்தான் என்றால் தள்ளிப்போடக் கூடாது. பின்சக்கரத்தில் படரும் ஆயில் அந்த வண்டியைச் சறுக்கவைக்கும், சாலையில் சொட்டும் ஆயில் மழையில் பின்னால் வருபவரைச் சறுக்கவைக்கும்.

பழுதுபார்க்கையில் வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது சட்டவிரோதம். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அது நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரக்கூடும். உட்லண்ட்ஸுக்கு மேற்கே இருக்கிறது 1975இல் முகத்துவாரத்தை அடைத்து உருவான கிராஞ்சி நீர்த்தேக்கம். பட்டறைகளின் கழிவு ஆயில் நச்சுத் தொழிற்கழிவாக வகைப்படுத்தப்பட்டு, உரிமம் பெற்றவர்களால் மட்டுமே சேகரிக்கப்படுகிறது. வீட்டில் வடித்ததை இறுக்கமாக மூடிய டப்பாவில் பிடித்து, அதை ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.