படையின்றி ஆண்ட நிரி மன்னன்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களிடையே, தமக்கு அரசன் இல்லை என்று கூறும் முதுமொழி ஒன்று உண்டு. அவர்களுடைய ஊர்களிற் பெரும்பாலானவற்றை மூப்பர் அவைகளே நடத்திவந்தன. ஆயினும், அதே மக்களின் வாய்மொழி மரபு நிரி என்னும் ஊரின் அரசனைப் போற்றிவருகிறது. இவ்விரண்டும் முரணாகுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினாவாகும்.

மரபுரையின்படி, சுக்வு என்னும் பரம்பொருள் எரி என்பவனை வானினின்று அனம்பரா ஆற்றுப் பகுதிக்கு அனுப்பினார். சேறாய்க் கிடந்த நிலத்தை அவ்கா ஊர்க் கொல்லன் ஒருவன் தன் துருத்தியால் உலர்த்தினான். எரியின் வழிவந்த இஃபிக்குவானிம் நிரியின் முதல் மன்னன் எனப்படுகிறான். பசி நீங்கும்பொருட்டு மன்னன் தன் மூத்த மகனையும் மகளையும் பலியிட்டுப் புதைத்தான் என்றும், மகனின் குழியில் வள்ளிக்கிழங்கும் மகளின் குழியில் சேப்பங்கிழங்கும் முளைத்தன என்றும் கூறுவர். இதனை நடந்த நிகழ்ச்சியாக நாம் கொள்ளவேண்டுவதில்லை. மக்கள் உண்ணும் உணவுக்கு அரசனே விலை கொடுத்தான் என்னும் நம்பிக்கையே இதில் நாம் காணும் சரித்திரச் செய்தியாகும்.

அந்நம்பிக்கையே அவனது அதிகாரத்துக்கும் அடிப்படையாயிற்று. நிரி மன்னன் படை நடத்தவில்லை. இச்சி என்னும் தழும்புகளை முகத்தில் தரித்த அவனுடைய தூதர்கள், சமாதானக் கோலேந்தி ஊர்தோறும் சென்று, நிலத்தெய்வத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் கழுவாய் செய்தனர். பணியாத ஊருக்கு அச்சடங்குகளை மறுப்பதே தண்டனை. வாளினும் கூரிய ஆயுதம் அது எனலாம்.

1938-இல் அண்மையிலுள்ள இக்போ-உக்வு என்னும் ஊரில் நீர்த்தொட்டிக்காக நிலத்தைத் தோண்டியவர் வெண்கலப் பொருள்களைக் கண்டார். தர்ஸ்டன் ஷா 1959-60-லும் 1964-லும் நடத்திய அகழாய்வுகளில், உயர்நிலையினர் ஒருவரின் கல்லறையும் 1,65,000-க்கு மேற்பட்ட மணிகளும் வெளிப்பட்டன. கரிமக் காலக்கணிப்பு இவற்றை ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிறது. அரசர் வரிசையைக் கொண்டு ஒன்வுஎஜியோக்வு என்னும் அறிஞர் இஃபிக்குவானிமின் ஆட்சித் தொடக்கத்தை 1043 எனக் கணித்தார். ஆகவே, கல்லறையிலிருந்தவர் அவனே என்று துணிதல் கூடாது. எனினும், அங்குக் கிடைத்த வெண்கல முகங்களிற் காணும் கோடுகள் இச்சித் தழும்புகளை ஒத்திருப்பது, மரபின் தொன்மைக்குச் சான்றாகிறது.

1911-இல் பிரிட்டிஷ் ஆட்சியினர் நிரி மன்னர் ஒபலிக்கேயை அவருடைய சடங்கதிகாரத்தைத் துறக்கும்படி கட்டாயப்படுத்தினர். படையற்ற ஓர் அரசையும் அவர்கள் அரசென்றே கண்டஞ்சினர் போலும். கட்டளையிடும் அரசனை இக்போ மக்கள் மறுத்தனர். கறை நீக்கும் அரசனை ஏற்றனர். முதுமொழியும் மரபுரையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதே நம் முடிபு.