கழுவும் பிளேட்டும் கழுவாத பிளேட்டும்

கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டில் எழுதும் சிடிபி மிஷினில் எழுதி முடித்த இரண்டு பிளேட்டுகளை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். டெவலப்பரில் கழுவும் பிராசஸர் வழியாக வந்த பிளேட்டில் படம் பளிச்சென்று தெரியும். லூப்பை வைத்தால் இரண்டு சதவீதப் புள்ளியைக்கூடப் பார்த்துவிடலாம். கழுவாமலே அச்சு மிஷினுக்குப் போகும் பிராசஸ்லெஸ் பிளேட்டிலோ மங்கலான ஒரு நிழல்தான் இருக்கும். சயான் பிளேட்டா மஜந்தா பிளேட்டா என்று ஓரத்து எழுத்தைச் சாய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகக் கையில் எடுக்கும் மிஷின்மேனுக்கு முதல் சந்தேகம் அங்கேயே தொடங்குகிறது.

அடிப்படையில் இரண்டும் ஒரே சொரசொரப்பு ஏற்றிய அலுமினியத் தகடுதான். 830 நானோமீட்டர் லேசர்தான் இரண்டையும் எழுதுகிறது. பரவலாகப் புழங்கும் பாசிட்டிவ் தெர்மல் பிளேட்டில் லேசர் பட்ட இடம் இளகி, காரமான டெவலப்பரில் கரைந்து போகும். படாத இடம் படமாக நிற்கும். பிராசஸ்லெஸ் பிளேட்டில் இது தலைகீழ். லேசர் பட்ட இடம் இறுகிப் படமாகிறது. படாத இடத்துப் பூச்சு அப்படியே பிளேட்டோடு மிஷினுக்கு வந்து, ஃபவுண்டன் தண்ணீரில் ஊறித் தளர்ந்து, மையின் பிசுபிசுப்பில் உரிந்து, பிளாங்கெட் வழியாக முதல் சில தாள்களோடு வெளியேறுகிறது. 2012இல் ட்ரூபா அச்சுக் கண்காட்சியில் கோடாக் தன் சொனோரா பிளேட்டை முன்வைத்தபின் இந்த வகைக்குக் கவனம் கூடியது. (கம் ஊற்றிக் கழுவும் ‘கெமிக்கல் இல்லாத’ பிளேட்டுகள் வேறு இனம். அவற்றுக்கு ஒரு கழுவும் யூனிட் வேண்டும்.)

பிராசஸரைக் குறைசொல்ல நிறைய இருக்கிறது. டெவலப்பர் ஓட ஓடச் சோர்கிறது. சும்மா இருந்தாலும் காற்றுப் பட்டுச் சோர்கிறது. சூடு கொஞ்சம் கூடினால் ஹைலைட் புள்ளிகள் போகும், குறைந்தால் வெள்ளையில் கறை நிற்கும். தொட்டி கழுவுவது, பிரஷ் மாற்றுவது, கழிவுக் காரத்தை முறையாக அப்புறப்படுத்துவது எல்லாம் ஓயாத வேலை. அலசுவதற்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். சிவகாசி மாதிரி வறண்ட ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பிராசஸர் ஒரு நன்மை செய்துவந்தது. தவறு எங்கே என்று பிரித்துச் சொல்ல அது உதவியது. பிளேட் சுத்தமாக வந்திருந்தால், அச்சில் வரும் கறை மிஷினுடையது. பிராசஸ்லெஸ்ஸில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. டெவலப் செய்யும் இடமே மிஷின்தான். அதன் தண்ணீர் ரோலர், மை ரோலர், பிளாங்கெட் மூன்றும் பிராசஸரின் வேலையைப் பார்க்கின்றன. பிளேட்டைத் திட்டும் முன்னால் ரோலரைப் பார்க்கச் சொல்வேன். ஃபார்ம் ரோலர் பிளேட்டில் பதிக்கும் பட்டை இரு முனையிலும் நடுவிலும் ஒரே அகலமாக இருக்கிறதா? ரோலரில் கால்சியம் படிந்து கண்ணாடிபோல் வழுக்குகிறதா? ஃபவுண்டன் தண்ணீரின் பிஹெச் 4.8க்கும் 5.5க்கும் இடையில் நிற்கிறதா? பிளாங்கெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் பூச்சு உரியாமல் தங்கி, வெள்ளையில் தேமல் மாதிரி நிற்கும். பிராசஸரில் கழுவும் பழைய வகை பிளேட்டில் இந்தக் குறைகளை மையைக் கூட்டியும் தண்ணீரைக் கூட்டியும் சமாளித்து ஓட்டிவிடலாம். இதில் முடியாது. பிராசஸரை விற்றதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ரோலருக்கும் கண்டக்டிவிட்டி மீட்டருக்கும் ஒதுக்காத அச்சகம் இந்த பிளேட்டுக்கு மாறவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கைப்பழக்கமும் மாறியாக வேண்டும். பிராசஸரிலிருந்து கம் பூசி வந்த பிளேட்டை மாட்டியதும் ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடை துடைப்பது மிஷின்மேனின் இரத்தத்தில் ஊறியது. பிராசஸ்லெஸ் பிளேட்டை அப்படித் துடைத்தால், துடைத்த இடம் மட்டும் முன்கூட்டியே இளகி, பூச்சு சீரில்லாமல் உரியும். உலர்ந்தபடியே மாட்டி, தண்ணீர் ரோலரை மட்டும் முதலில் இறக்கிச் சில சுற்று ஊறவிட வேண்டும். பிறகு மை ரோலரை இறக்கி இன்னும் சில சுற்று, அதன் பிறகே தாள். சுற்று எத்தனை என்பது மிஷினின் டேம்ப்பனிங் அமைப்பைப் பொறுத்தது. பிளேட் கம்பெனி தரும் குறிப்பிலிருந்து தொடங்கி, வேஸ்ட் தாளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வரிசை சரியாக இருந்தால், கலர் பிடிப்பதற்காக எப்படியும் வீணாகும் தாளுக்குள்ளேயே பிளேட் சுத்தமாகிவிடும்.

சிடிபி வைத்திராத சிறிய அச்சகங்கள் பிளேட்டை வெளியே போட்டு வாங்குகின்றன. கம் போட்ட பிளேட் டூவீலரில் வெறும் தாளில் சுற்றி வந்தாலும் தாங்கும். பிராசஸ்லெஸ் பிளேட்டில் உரியாத பூச்சு ஒளிக்கும் கீறலுக்கும் விரல் ரேகைக்கும் ஆளாகும். ஒளி புகாத உறை வேண்டும். நடுவில் தாள் வைத்து அடுக்க வேண்டும். உறை பிரித்ததை வெள்ளை விளக்கின் கீழே நாள் முழுக்கக் கிடத்தக் கூடாது.

அதிகம் கவனிக்கப்படாதது டாட் அளவு. பழைய பிளேட்டை மீட்டர் வைத்து அளந்து, 50 சதவீதம் 50ஆகவே விழுந்ததா என்று பார்த்துப் பிரஸ்ஸுக்கு அனுப்பலாம். மங்கலான படத்தில் அந்த அளவு நம்பும்படி வராது. அச்சான தாளைத்தான் அளக்க வேண்டும். பழைய பிளேட்டுக்குப் போட்டு வைத்த, டாட் அளவைத் திருத்தும் கர்வையே இதற்கும் ஓட்டினால் நடுத்தர நிறங்கள் மாறும். முகங்களில் அது உடனே தெரியும். ரோலரும் பிளாங்கெட்டும் சீரான நிலையில் ஒரு டெஸ்ட் ஃபார்ம் அடித்து, அதை அளந்து புதுக் கர்வ் போட்ட பிறகே வாடிக்கையாளர் வேலையைத் தொட வேண்டும்.

ஆயுளில் பழைய பிளேட்டுக்கே வெற்றி. அடுப்பில் சுட்டெடுத்தால் அது பத்து லட்சம் இம்ப்ரெஷனையும் தாண்டும். பிராசஸ்லெஸ்ஸைச் சுடும் வழக்கம் இல்லை. யூவி மை ஓடினால் ஆயுள் இன்னும் சுருங்கும். ஆகவே ஒரே பிளேட் லட்சக்கணக்கில் ஓடும் பாடநூலுக்கும் காலண்டர் தாளுக்கும் பிராசஸரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அழைப்பிதழ், பெட்டி, லேபிள் என்று நாளுக்குப் பலமுறை பிளேட் மாற்றும் கூடத்துக்குப் பிராசஸ்லெஸ்தான் பொருத்தம். இரண்டும் ஓடும் கூடமாக இருந்தால், ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் குவிந்த பிறகு பிளேட்டை மாற்ற வேண்டாம். வேலை குறைந்த தை, மாசியில் ஒரே மிஷினில், ஒரே மிஷின்மேனிடம் தொடங்குவது நல்லது.