கல்நார் ஆய்வு: சேர்வராயன் மலைக் கட்டடங்கள்

பழைய வீடு, விடுதி, தோட்டப் பங்களா முதலியவற்றை இடித்தோ திருத்தியோ புதுப்பிப்பதற்கு முன்னர், அவற்றின் கூரையிலும் சுவரிலும் குழாயிலும் கொதிகலனிலும் கல்நார் கலந்த பொருள் உண்டா, உண்டாயின் எவ்விடத்தில், எவ்வளவு, எந்நிலையில் உள்ளது என்பதை முறைப்படி கண்டறிந்து வரைபடத்தோடு பதிவு செய்யும் பரிசோதனையே கல்நார் ஆய்வு எனப்படும். இந்தியாவில் எந்தச் சட்டமும் கட்டட உரிமையாளரை இதற்கெனத் தனியே கட்டாயப்படுத்தவில்லையெனினும், சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைத்தொடரிலும் அதன் தலைமை ஊராகிய ஏற்காட்டிலும், பழைய பங்களாக்கள் தங்கும் விடுதிகளாக உருமாறிவரும் இந்நாளில், இதன் அவசியம் பெரிது.

கல்நார் ஒரே கனிமமன்று. நாராகப் பிரியும் இயல்புடைய ஆறு சிலிகேட்டுக் கனிமங்களுக்கு வாணிபமும் சட்டமும் சேர்ந்து வழங்கிய பொதுப்பெயர் அது. அவற்றுள் கிரைசோடைல் என்னும் வெண்கல்நார் ஒன்றே பாம்புக்கல் இனத்தைச் சார்ந்தது. அதன் அணுத்தகடுகள் சுருண்டு நுண்குழல்களாக அமைந்திருப்பதால் நார் வளைந்து கொடுக்கும், நூற்கவும் நெய்யவும் இசையும். குரோசிடோலைட் என்னும் நீலக்கல்நார், அமோசைட் என்னும் பழுப்புக்கல்நார், ஆந்தோபிலைட், டிரெமோலைட், ஆக்டினோலைட் ஆகிய ஏனைய ஐந்தும் ஆம்பிபோல் இனத்தன. இவற்றின் நார்கள் நேராகவும் விறைப்பாகவும் இருப்பவை. நுரையீரலுக்குள் சென்றால் எளிதில் கரையாதவை. வெண்கல்நார் மாக்னீசியம் மிகுந்த பாறைகள் வெந்நீரால் மாறுதலுறும்போது பெரும்பாலும் பிறக்கிறது. சேர்வராயன் மலையின் உடல், நிலவியலார் தாமஸ் ஹாலந்து 1900-ஆம் ஆண்டில் விரிவாக விவரித்த சார்னோக்கைட் என்னும் கருநிறப் பாறை. அதன் உச்சிகளில் பாக்சைட் படிந்துள்ளது. ஆனால் மலையடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக் கரட்டில், வெள்ளைக்கல் என்று உள்ளூரார் வழங்கும் மாக்னசைட்டைத் தந்த பாறை, வெண்கல்நாரைத் தரும் பாறைக்கு நெருங்கிய உறவுடையது. இவ்வளவு அருகில் உறவினர் இருந்தும், ஏற்காட்டுக் கூரைகளில் ஏறிய நார் பெரும்பாலும் கடல் கடந்து கானடா, ரொடீஷியா, பின்னாளில் ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து வந்தது என்பது கவனிக்கத் தக்கது.

மனிதன் இந்த நாரை அறிந்த காலம் மிகப் பழையது. ஏதென்ஸ் நகரத்து எரெக்தியம் கோயிலில் சிற்பி கல்லிமாக்கஸ் செய்துவைத்த பொன்விளக்கில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எண்ணெய் வார்க்கப்பட்டு அல்லும் பகலும் எரிந்த திரி கருகாத நாரால் ஆனது என்று கிரேக்கப் பயணி பாசேனியஸ் எழுதிவைத்தார். நம் நாட்டிலோ, தேவீ மாஹாத்மியத்தில் அக்கினி பகவான் சும்பன் என்னும் அசுரனுக்கு அளித்ததாகச் சொல்லப்படும், தீயால் தூய்மை பெறும் ஆடை இணை கல்நார் வஸ்திரத்தை நினைவூட்டுகிறது. நெருப்பில் வாழும் ஜந்துவின் மயிரே இத்துணி என்று ஐரோப்பியர் நம்பியிருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில், இது மலையிலிருந்து தோண்டியெடுத்து, உலர்த்தி, இடித்து, கழுவி நூற்கப்படுவது என்று மார்க்கோ போலோ தெளிவுபடுத்தினார். ஆயினும் அதுகாறும் அரசர்க்கும் ஆலயத்துக்கும் உரிய அதிசயமாகவே இருந்த பொருளை, நீராவி யந்திரங்களின் காலமும் 1870-களில் கானடாவின் கியூபெக் மாகாணத்தில் பெருகிய சுரங்கங்களும் சேர்ந்து மலிவான சரக்காக்கிவிட்டன. ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்செக் இருபதாம் நூற்றாண்டின் வாயிலில், சிமெண்டுக் குழம்பில் இந்நாரைக் கலந்து காகிதம் செய்வதுபோன்ற முறையில் தகடாக்கும் வித்தையைக் கண்டு, எடெர்னிட் என்னும் பெயரில் அதை உலகுக்கு அளித்தார். இந்தியாவில் 1930-களில் இத்தொழில் வேரூன்றியது. 1946-இல் ஹைதராபாதிலும், பின்னர் கோவையை அடுத்த போத்தனூரிலும், அரக்கோணத்திலும் ஆலைகள் எழ, தமிழகத்தின் பள்ளிகள், கொட்டகைகள், வீடுகள் யாவற்றின் தலைமேலும் சாம்பல் நிற அலைத்தகடு ஏறிற்று. சிமெண்ட் ஷீட் என்றும், ஆஸ்பெட்டாஸ் என்றும் மக்கள் வழங்குவது இதனையே.

ஏற்காட்டில் ஆய்வு செய்யப் புகுவோர் முதலில் நீக்கிக்கொள்ள வேண்டிய மயக்கம் ஒன்று உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பிச் செடியையும் பேரி முதலிய பழமரங்களையும் இம்மலைக்குக் கொணர்ந்தது தொட்டு, கிரேஞ்ச் முதலான பங்களாக்களும், 1853-இல் புனித திரித்துவத் தேவாலயமும், 1894-இல் திரு இருதயக் கன்னிமாடப் பள்ளியும், 1917-இல் மான்போர்ட் பள்ளியும் தோன்றியவை. இவற்றுள் முற்பட்டவை எழுந்த காலத்தில் கல்நார்த் தகடு என்பதே கிடையாது. அக்காலத்துக் கூரை புல்லாலோ, நாட்டு ஓட்டாலோ, 1865-க்குப் பின் பாசல் மிஷனார் மங்களூரில் செய்யத் தொடங்கிய ஓட்டாலோ, கப்பலில் வந்த தகரத்தாலோ ஆனது. ஆகவே கட்டடத்தின் வயது அதன் கூரையின் வயதைக் காட்டாது. நூற்றைம்பது ஆண்டுப் பங்களாவில் ஓடு ஒழுகியதென்று 1960-களில் வேய்ந்த பின்கட்டு, பிற்காலத்தில் சேர்த்த குளியலறை, வண்டிக்கொட்டகையாக மாறிய குதிரை லாயம் ஆகியவையே ஐயத்துக்குரியவை. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும், காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தை ஒட்டிய கிடங்கும் இன்னும் அதிக ஐயத்துக்குரியவை. உரிமை மாறியபோதெல்லாம் செய்யப்பட்ட பழுதுபார்ப்பு எதுவும் தாளில் எழுதப்படாமற் போயிருப்பதால், நெடுங்காலம் வேலை செய்த மேஸ்திரியையும் தச்சரையும் விசாரிப்பது ஆய்வின் முதல் அங்கமாகிறது. அவர்தம் நினைவு பல இடங்களில் வரைபடத்தைவிட நம்பத்தக்கது.

கூரையோடு வேலை முடிவதில்லை. மழைநீர்க் குழாய், நீர்த்தொட்டி, கணப்படுப்பின் புகைக்குழாய், பொய்க்கூரையின் தட்டைப் பலகை, மின் பெட்டிக்குப் பின்னுள்ள அட்டை, விறகுப் பாய்லரின் கதவில் சுற்றிய கயிறு, வெந்நீர்க் குழாயைப் போர்த்த பூச்சு, பழைய வினைல் தளஓடு ஆகிய யாவும் பார்க்கப்பட வேண்டும். இவற்றுள் கயிறும் பூச்சும் தகட்டினும் கொடியவை. தகட்டில் சிமெண்டு நாரை இறுகப் பற்றியிருக்க, இவற்றில் விரலால் தொட்டாலே நார் உதிரும். சேர்வராயன் மலைக்கே உரிய இடர்களும் உள: மழையும் மூடுபனியும் தகட்டின் மேல் பாசியையும் கற்பாசியையும் வளர்த்துச் சிமெண்டை அரிக்கின்றன, சில்வர் ஓக் கிளைகள் ஒடிந்து விழுகின்றன, குரங்குகள் குதித்து விளிம்பை உடைக்கின்றன. மே மாதக் கோடை விழாவுக்கு முன் விடுதிக்காரர் கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்து வண்ணம் பூசுவது அழகுக்காகச் செய்யப்படும் காரியமாயினும், நாரைக் காற்றில் ஏற்றுவதில் அதற்கு நிகரில்லை. கூரையோர வாய்க்காலில் தங்கிய சேற்றிலும் நார் இருக்கும் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

இந்நாரின் தீங்கு பற்றி 1924-இல் டாக்டர் குக் என்பவர், இங்கிலாந்தின் ராச்டேல் ஊர்க் கல்நார் ஆலைத் தொழிலாளியான நெல்லி கெர்ஷா என்னும் பெண்ணின் மரணத்தை ஆராய்ந்து எழுதினார். 1930-இல் மெரிவெதரும் பிரைஸும் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை தந்தனர். 1960-இல் வாக்னர் முதலியோர் தென்னாப்பிரிக்க நீலக்கல்நார்ச் சுரங்கப் பகுதியில் நுரையீரலுறைப் புற்றுநோயைக் கண்டனர். நாரைச் சுவாசித்ததற்கும் அந்நோய் தோன்றுவதற்கும் இடையே முப்பது நாற்பது ஆண்டுகள் செல்வது வழக்கமாதலால், இன்று கூரையைச் சம்மட்டியால் உடைத்து இறக்கும் இளைஞனும், உடைசலைத் தலையில் சுமக்கும் சித்தாளும் காரணத்தை ஒருபோதும் அறியாமற் போகலாம். வெண்கல்நார் தீங்கற்றது என்ற தொழிலதிபர்தம் வாதத்தை உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்கவில்லை. ஆறு வகையும் புற்றுநோய் விளைப்பனவே.

ஆய்வு இருவகை. குடியிருப்போர் இருக்கையிலேயே, உடைக்காமல் பார்த்துப் பதிவு செய்வது ஒன்று. புதுப்பிக்கும் பகுதியைக் காலிசெய்து, பலகையைப் பெயர்த்தும் சுவரைத் துளைத்தும் மறைவிடங்களைத் திறந்து காண்பது மற்றொன்று. 2010-இல் வெளிவந்த பிரிட்டிஷ் வழிகாட்டி நூல் வகுத்த இப்பிரிவே பல தேசங்களில் பின்பற்றப்படுகிறது. புதுப்பிப்புக்கு இரண்டாவதே தகும். மாதிரி எடுக்குமிடத்தைச் சோப்பு கலந்த நீரால் நனைத்து, நாணய அளவு துண்டை எடுத்து, இரட்டைப் பாலித்தீன் பையில் இட்டு, எண் எழுதி, எடுத்த இடத்தை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். துணி முகமூடி இதற்கு உதவாது, நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியால் நாரின் இனம் அறியப்படும். அண்மைக் காலத்துக் கல்நாரற்ற தகடும் பழைய தகடும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், பரிசோதனை முடியும்வரை ஐயத்துக்குரியதைக் கல்நார் என்றே கொள்ளுதல் முறை. சிதையாமல் உறுதியாயிருக்கும் தகட்டை அவசரப்பட்டு அகற்றத் தேவையில்லை. பூசி மூடி, பதிவேட்டில் குறித்து, ஆண்டுதோறும் பார்த்துவரலாம்.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27-இல் அளித்த தீர்ப்பு, கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டும், ஓய்வுக்குப்பின் 15 ஆண்டும், இவற்றுள் பிந்தியதுவரை காக்கும்படி ஆணையிட்டது. கட்டடம் இடிக்கும் அன்றாடக் கூலியின் பெயர் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. பிரிட்டன் 1999-இல் வெண்கல்நாரையும் தடுத்தது. இலங்கை தடைசெய்யத் துணிந்தபோது, 2017 டிசம்பரில், கல்நார் விற்கும் ருஷ்யா, சரக்கில் வண்டு கண்டதாகக் கூறி இலங்கைத் தேயிலை வாங்குவதை நிறுத்த, அத்துணிவு தளர்ந்தது. இந்தியாவில் சுரங்கம் ஓய்ந்தபோதிலும் இறக்குமதியும் தகடு செய்தலும் இன்றும் நடைபெறுகின்றன.

கழித்த கல்நார் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. நனைத்து, உடைக்காமல் இறக்கி, பையிலிட்டு முத்திரையிட்ட தகடுகளை இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவுக் கிடங்கு போன்ற இடத்துக்குச் சேர்ப்பிப்பதற்கான செலவு, ஆய்வுக்கான செலவைவிடப் பன்மடங்கு; அதனை மதிப்பீட்டில் முதலிலேயே சேர்க்காத ஒப்பந்தங்களில்தான் உடைசல் காப்பித் தோட்டத்துப் பள்ளத்தில் கொட்டப்படுகிறது.