பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரலாறு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மாணவர் எழுதும் பொதுத்தேர்வில் வரலாறு தனிப் பாடமன்று. சமூக அறிவியல் என்னும் தாளின் ஒரு பகுதியாகும். புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியன ஏனைய பகுதிகளாகும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாநிலம் முழுமைக்கும் ஒரே வினாத்தாளைக் கொண்டு இத்தேர்வை நடத்துகின்றது. வரலாற்றுப் பகுதிக்கு ஆயத்தமாகும் முறை கொங்கு நாட்டு எடுத்துக்காட்டுகளுடன் இங்கு விளக்கப்படுகின்றது.

தேர்வின் அமைப்பு

தாளின் மொத்த மதிப்பெண் 100. தேர்ச்சிக்கு 35 பெறவேண்டும். விடை எழுத மூன்று மணி நேரமும், வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் கூடுதலாக 15 நிமிடமும் வழங்கப்படும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 14 வினாக்களைத் தொடர்ந்து சிறு வினாக்களும் பெரு வினாக்களும் அமையும். காலக்கோடு வரைதலும் நிலப்படத்தில் இடங்களைக் குறித்தலும் இத்தாளுக்கே உரியவை.

2011 வரை மாநில வாரியம், மெட்ரிக்குலேசன் முதலியவற்றிற்குத் தனித்தனிப் பாடத்திட்டங்கள் இருந்தன. சமச்சீர் கல்வி அவற்றை ஒன்றாக்கியது. புதிய பத்தாம் வகுப்பு நூல் 2019-20 கல்வியாண்டில் வந்தது. எனினும் பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பள்ளி மாணவர்க்குத் தேர்வு நடைபெறவில்லை. எனவே இந்நூலின்படி பள்ளி மாணவர் எழுதிய முதல் தேர்வு 2022 மே மாதத் தேர்வேயாகும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத் திரட்டுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். 2019 வரையிலானவை பழைய நூலைச் சார்ந்தவை.

பாடப்பகுதி

வரலாற்றில் பத்து அலகுகள் உள்ளன. முதல் நான்கு, முதல் உலகப்போர் தொடங்கி இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம் வரை செல்கின்றன. எஞ்சிய ஆறும் இந்தியாவையும் தமிழ்நாட்டையும் பற்றியவை. பாளையக்காரர் கிளர்ச்சி, காந்திய காலகட்டம், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம், சமூக மாற்றங்கள் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

காலக்கோடு

ஆண்டுகளைப் பட்டியலாக மனனம் செய்வதே பரவலான வழக்கம். திருப்புதல் தேர்வுகளில் பலமுறை எழுதிப் பார்ப்பதால் இது ஓரளவு பயன் தரும். ஆனால் நிகழ்வுகள் நெருங்கி வருமிடத்தில் இம்முறை குழப்பத்தையே விளைவிக்கும். ஆறாம் அலகு இதற்கு நல்ல சான்று. 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1800இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் திட்டம் தோல்வியுற்றது. 1801இல் மருது சகோதரர்களும் 1805இல் தீரன் சின்னமலையும் தூக்கிலிடப்பட்டனர். 1806 ஜூலையில் வேலூர்ப் புரட்சி வெடித்தது.

தனித்தனியே பார்த்தால் இவை ஆறு எண்கள். காரணம் கொண்டு கோத்தால் ஒரே கதை. திப்புவின் பக்கம் நின்று போரிட்ட சின்னமலை, அவர் இறந்தபின் ஓடாநிலையில் கோட்டை அமைத்துப் போரைத் தொடர்ந்தார். திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததால் அங்கு எழுந்த சிப்பாய்கள் அவர்களுள் ஒருவரை அரசராக அறிவித்தனர். இவ்வாறு படித்த மாணவர் ஓர் ஆண்டை மறந்தாலும் வரிசையை மாற்றி எழுதமாட்டார்.

காந்திய காலத்திலும் இதே இடர் உண்டு. ஒத்துழையாமை 1920, சட்டமறுப்பு 1930, வெள்ளையனே வெளியேறு 1942 என்று மூன்று தூண்களை முதலில் நட்டுக்கொண்டால் ஏனையவற்றை இடையில் பொருத்தலாம். திருப்பூர் குமரன் தடியடியில் இறந்தது 1932 ஜனவரியில், சட்டமறுப்பின் இரண்டாம் கட்டத்தில் ஆகும். 1930 உப்பு அறப்போருடன் அதனை இணைத்து எழுதுவது பிழை.

உள்ளூர் இடங்கள்

ஓடாநிலை ஈரோடு மாவட்டத்திலும், சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரி சேலம் மாவட்டத்திலும் உள்ளன. வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கு கோவை மத்திய சிறையில் பாதுகாக்கப்பட்டது. பெரியார் வாழ்ந்த வீடு ஈரோட்டில் நினைவில்லமாக விளங்குகின்றது. பேருந்தில் சென்று வரக்கூடிய இவ்விடங்களைப் பாராமலே கொங்கு மாணவர் பலர் அவற்றைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

உள்ளூர் அறிவு சில வேளைகளில் இடறவும் செய்யும். சின்னமலையின் நினைவு நாள் ஆடி 18இல் கொண்டாடப்படுகின்றது. இன்று அது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் நாளில் வரும். நூலில் உள்ளதோ 1805 ஜூலை 31. இடைப்பட்ட காலத்தில் தமிழ் மாதப் பிறப்பு ஆங்கில நாட்காட்டியில் தள்ளிப்போனதே வேறுபாட்டிற்குக் காரணம். தேர்வில் நூலின் நாளையே எழுதுதல் வேண்டும்.

கையேடுகளும் நூலும்

பாட இறுதியில் உள்ள வினாக்களுக்கு மட்டும் விடை தரும் கையேடுகள் தேர்ச்சிக்கு உதவக்கூடும். மெல்லக் கற்கும் மாணவர்க்குப் பள்ளிகள் வழங்கும் குறைந்தபட்சக் கற்றல் தொகுப்பும் அத்தகையதே. முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவர்க்கு 35 மதிப்பெண் சிறிதன்று. இவற்றைக் குறை கூறுவது முறையாகாது. ஆயினும் பாடத்தின் உள்ளிருந்து கேட்கப்படும் வினாக்களுக்கு நூலை வரிவரியாகப் படித்தவரே விடையளிக்க இயலும்.

பொறியியற் கல்லூரிகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் மேனிலை வகுப்பில் கணிதம், அறிவியல் பிரிவுகளை நாடுவோர்க்குப் பள்ளியில் இதுவே இறுதி வரலாற்றுத் தேர்வாகும். பின்னர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும்போது அவர்களுட் பலர் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான வரலாற்று நூல்களை மீண்டும் தேடுகின்றனர். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் எடைக்குப் போட்ட நூலும் அவற்றுள் ஒன்று.