வீட்டுவசதி விரைவாக்க நிதி (கனடா)

ஒரே மனையில் கூடுதல் குடும்பங்கள் குடியிருக்க இடம்கொடுக்கும் நகரசபைகளுக்குக் கனடாவின் கூட்டாட்சி அரசு பணம் தரும் திட்டம். 2022 வரவுசெலவுத் திட்டத்தில் 400 கோடி டாலருடன் அறிவிக்கப்பட்டு 2023 மார்ச்சில் தொடங்கியது. 2024இல் மேலும் 40 கோடி சேர்ந்தது. கனடா அடமான, வீட்டுவசதிக் கழகம் இதை நடத்துகிறது.

கனடாவில் நகரசபைகள் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. எந்தத் தெருவில் என்ன கட்டலாம் என்று கூட்டாட்சி அரசு ஆணையிட முடியாது. பணத்தைக் காட்டி விதியை மாற்றச் சொல்வதே அதற்கிருந்த வழி. பெருநகரங்களின் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக மனைக்கு ஒரு தனிவீடு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே நான்கு குடியிருப்புகள் வரை தனி ஒப்புதல் கேளாமல் கட்டவிட வேண்டும் என்பது பேச்சுவார்த்தைகளின் மையமானது. ஒன்ராறியோவின் லண்டன் நகரம் 2023 செப்டம்பரில் முதலில் ஒப்பமிட்டு 7.4 கோடி டாலர் பெற்றது. டொரன்டோவுக்கு 47.1 கோடி. நான்கு குடியிருப்பு விதியை ஏற்க மறுத்த வின்சர் நகரின் விண்ணப்பம் 2024 ஜனவரியில் தள்ளுபடியானது.

பணம் ஆண்டுத் தவணைகளாக வரும். கடைசித் தவணை, ஒப்புக்கொண்ட வீட்டு எண்ணிக்கையை எட்டினால்தான். மலிவு வீடுகள், குடிநீர், கழிவுநீர், சாலை, பூங்கா எனச் செலவிடலாம்.

இத்திட்டத்தின் குறை மண்ணுக்கடியில் இருக்கிறது. தனிவீடுகளுக்கென்று அளந்து பதித்த கழிவுநீர்க் குழாய், அதே தெருவில் நான்கு மடங்கு குடும்பங்கள் வந்தால் தாங்கும் என்று சொல்ல முடியாது. குழாயைப் பெரிதாக்கும் செலவை ஒன்ராறியோ நகரங்கள் 'வளர்ச்சிக் கட்டணம்' என்ற பெயரில் புதுக் கட்டடங்கள்மீது ஏற்றுகின்றன. முடிவில் அதைச் சுமப்பவர் புதிதாக வீடு வாங்குபவர். 2024இல் அறிவிக்கப்பட்ட 600 கோடி டாலர் வீட்டுவசதி உட்கட்டமைப்பு நிதிதான் இந்த இடத்தை நேரடியாகத் தொட்டது. மாகாணங்கள் அதில் பங்கு பெற, 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் அக்கட்டணத்தை மூன்றாண்டு உயர்த்தாமல் நிறுத்தவேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. விதிமாற்றத்துக்கான பணமும் குழாய்க்கென்றே ஒதுக்கிய பணமும் ஒன்றாகவே வந்திருக்கவேண்டும். இடையில் இரண்டு ஆண்டு போனது.

விதிமாற்றமும் சொன்னபடி நடக்கவில்லை. ஆறு குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களை நகரெங்கும் அனுமதிப்பதாக ஒப்பந்தத்தில் ஏற்றிருந்த டொரன்டோ, 2025 ஜூனில் 25 வட்டாரங்களில் 9இல் மட்டும் அனுமதித்தது. அவற்றுள் 8 டொரன்டோ-கிழக்கு யார்க் பகுதியில் உள்ளவை. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவிலிருந்து சேர்ந்தது வடக்கு வட்டாரம் ஒன்றுதான்.