துரையின் வண்டியும் திருவொற்றியூர் ஆலையும்

என் தாத்தா சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மத்தியானம் பால் ஸ்டோர் வேலை முடிந்ததும் துரை பங்களாவில் வண்டி துடைக்கிற வேலையும் அவருக்கு உண்டு. சீமையிலிருந்து கப்பலில் வந்த மோட்டார் சைக்கிள் அது. "பீரங்கிப் படம் போட்டிருக்கும்டா. தொடச்சிருக்கேன், தள்ளியிருக்கேன், ஒரு நாளும் ஏறி உக்காந்ததில்ல" என்பார்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், மோட்டாரெல்லாம் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும்தானே செஞ்சான்? நம்ம ஆளுங்க என்னா செஞ்சாங்க?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இம்மலரில் முழுமையாக எழுத முற்படுகிறேன்.

பீரங்கிப் படம் என்றால் ராயல் என்பீல்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த கம்பெனி. என்பீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் அந்தப் பெயரும் பீரங்கி முத்திரையும் ஏற்பட்டன. 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 1932இல் 'புல்லட்' என்ற பெயர் பிறந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் சிறு சிறு கம்பெனிகள் பல இருந்தன. நாட்டிங்காமில் ஜார்ஜ் பிரௌ என்பவர் 1919 முதல் 1940 வரை செய்த மொத்த வண்டிகள் ஏறக்குறைய மூவாயிரம்தான். வாங்குபவரின் உடல்வாகைப் பார்த்து, தையற்காரர் சட்டை தைப்பதுபோல் ஒவ்வொன்றாகச் செய்வாராம். 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர் பெற்றவர் அவரிடம் ஏழு வண்டிகள் வாங்கினார்; 1935இல் அந்த ஏழாவது வண்டியில் விபத்துக்குள்ளாகித்தான் இறந்தார். ஆனால் பிரௌவின் கம்பெனியை அக்காலத்தில் வேறு எவரும் கைப்பிடித்து நடத்தவில்லை. போர் வந்தது, வண்டி செய்வது நின்றது. ராயல் என்பீல்டுக்கு வாய்த்ததோ வேறு கதி.

இந்தியா விடுதலை பெற்றபின், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதை இறக்குமதி செய்துவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் 1955இல் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கின. ஆலை எழுந்த இடம் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர். ஆம், பட்டினத்தார் சமாதி இருக்கிற அதே ஒற்றியூர்தான்! 1956இல் சீமையிலிருந்து பாகம் பாகமாகப் பெட்டியில் வந்ததை அங்கே பூட்டினார்கள். அவ்வாண்டு முடிய 163 வண்டிகள். ஒரு தோட்டத்துப் பெரட்டில் நிற்கிற ஆள் கணக்குக்கூட இல்லை என்று சிரிக்கலாம். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளையும் அச்சுகளையும் ரெட்டிச் விற்றது. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967இல் ரெட்டிச் ஆலையே மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு உற்பத்தி அறவே நின்றது. தாய் போனாள், பிள்ளை சென்னையில் பிழைத்தது. 1977இல் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "போடா, சும்மா கதை வுடாத" என்றார்.

உள்ளதை மறைக்கக் கூடாது. வெளிநாட்டு வண்டிகள் உள்ளே வர முடியாதபடி இந்திய அரசாங்கம் கதவை அடைத்து வைத்ததும், இராணுவமும் போலீசும் தொடர்ந்து வாங்கியதும் அந்த ஆலையைக் காப்பாற்றின. அதே அடைத்த கதவு மெத்தனத்தையும் வளர்த்தது என்பது என் எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய ஒரே வண்டி! எண்ணெய் கசியும். அதை ஓட்டவும் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சிக் கல்லூரி முடித்த ஆண்டு நாமக்கல் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா தம் பழைய புல்லட்டைக் காட்டினார். முதலில் கிக்கரை மெதுவாக அழுத்தி மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறு நெம்புகோலை இழுத்துக் காற்றை விட வேண்டும். அப்புறம்தான் ஓங்கி உதைப்பது. தவறினால் அது திருப்பி உதைக்கும். நம் கப்சாய்க்கு இடது காலில் கியர். பழைய புல்லட்டுக்கு வலது காலில். பிரேக் என்று நான் மிதித்தது கியர். வண்டி நேராக வைக்கோற்போரில் போய் நின்றது. மாமாவுக்கு வண்டியைப் பற்றித்தான் கவலை.

1984, 85இல் ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் இந்தியாவில் வந்ததும் புல்லட்டுக்குக் கஷ்டகாலம். அவை விலையும் குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிப்பவை. 1994இல் கம்பெனி ஐஷர் கையில் போயிற்று. 2000ஆம் ஆண்டு வாக்கில் மூடிவிடலாமா என்றே யோசித்தார்கள். அப்போது பொறுப்பேற்ற சித்தார்த்த லாலுக்கு வயது 26தான். கசியாத புதிய எஞ்சின் வந்தது, பழைய தோற்றம் மாறவில்லை. 2013இல் ஓரகடத்தில் பெரிய ஆலை திறக்கப்பட்டது. புல்லட் டாங்கியின் பொன்னிறக் கோட்டை மட்டும் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைந்தார்கள். கோலம் போடுகிற கை நடுங்காததுபோல் அந்தக் கையும் நடுங்காது.

இப்போது ஜோகூரிலும் இந்த வண்டிகளைக் காணலாம். போன தீபாவளிக்கு என் மச்சான் ஒன்றை ஓட்டிவந்து வீட்டு முன் நிறுத்தினான். தாத்தா கைத்தடியோடு வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். வழக்கம்போல் தோள் துண்டை எடுத்து டாங்கியைத் துடைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் புடிடா" என்று காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.