உஸ்ஸங்கொடவின் செர்பென்டைன் பூக்கள்

உஸ்ஸங்கொட, இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கடலோரமாக உயர்ந்திருக்கும் செம்மண் வெளி. இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்பது அங்கு வழங்கும் கதை. 2010-இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் புதர்க்காடு இருக்க, நடுவெளியில் மரமே இல்லை. இருக்கும் செடிகளும் தரையோடு ஒட்டிப் படர்கின்றன. கடற்காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் மண்ணின் பங்கு பெரிது; இது செர்பென்டைன் மண்.

பூமியின் மேன்டில் அடுக்கைச் சேர்ந்த பாறைகள் நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் பாறையாக மாறுகின்றன. அது சிதைந்து உண்டாகும் மண்ணில் இரும்பு, நிக்கல், குரோமியம், கோபால்ட் மிகுதி. தழை, மணி, சாம்பல் சத்துகள் சொற்பம். மக்னீசியம் அளவுமீறி இருப்பதால் வேர்களுக்குக் கால்சியம் கிடைப்பதும் அரிது. இத்தகைய மண்ணில் பிழைக்கும் செடிகளில் பெரும்பாலானவை உலோகத்தை வேரோடு தடுத்துவிடும். மிகச் சில மட்டும் அதை இலைவரை ஏற்றிச் சேமிக்கும்.

அந்தச் சிலவற்றில் ஒன்று, சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற நம் ஓரிதழ்தாமரை. சாண் உயரச் செடி; கீழிதழ் மட்டும் இளஞ்சிவப்பாக அகன்று விரிய, மற்ற இதழ்கள் மிகவும் சிறுத்திருக்கும். காய்ந்த இலை ஒரு கிலோவில் 1 கிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அது மிகைச்சேமிப்புத் தாவரம். உஸ்ஸங்கொடவின் ஓரிதழ்தாமரை அந்த வரம்பைத் தாண்டுவதை நிஷாந்த ராஜகருணாவும் புரூஸ் போமும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்தனர். சாதாரண மண்ணின் செடிகளில் நிக்கல் பொதுவாக 10 மில்லிகிராமைக்கூட எட்டாது. அதே வெளியில் விஷ்ணுகிரந்தியும் நீலப் பூக்களோடு படர்ந்து கிடக்கிறது.

உலகின் முதல் நிக்கல் சேமிப்புச் செடி 1948-இல் இத்தாலியில் அறியப்பட்டது. நியூ கலிடோனியாவின் ஒரு மரத்தில் வடியும் பாலே நிக்கலால் நீலப்பச்சையாக இருக்கும். அவ்வளவு வியப்பு உஸ்ஸங்கொடவில் இல்லைதான். ஆயினும் தமிழகத்து வயல்வரப்பில் சாதாரணமாக முளைக்கும் ஓர் இனமே இந்த மண்ணிலும் வாழ்ந்து உலோகத்தைச் சேர்ப்பதுதான் ஆராயத்தக்க செய்தி. இது இவ்வினத்தின் பொதுத் திறனா, உஸ்ஸங்கொடச் செடிகள் தலைமுறைகளாகத் தனித்துத் தேர்ந்ததா என்பதை, இரு மண்ணிலும் மாற்றி நட்டு வளர்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

மூலிகை பறிப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: செர்பென்டைன் நிலத்து ஓரிதழ்தாமரையை மருந்துக்கு எடுக்கக் கூடாது, அதன் இலையில் நிக்கலும் சேர்ந்தே வரும்.